ஆடி மாசத்து விலாசம்

வாங்க, இந்தச் சேரு காலியாத்தான் கெடக்குது, உக்காருங்க. தமிழுங்களா? கையில பிளாஸ்டிக் ஃபைலப் பாத்ததுமே நெனச்சனுங்க. வெள்ளக்காரன் காகிதத்தச் சுருட்டி டவுசர் பாக்கெட்ல சொருகிட்டு வருவான். நாமதான் பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டுல இருந்து அத்தனையும் கவர் போட்டுக் கொண்டாருவோம். எந்த ஊருங்க? மதுரைங்களா. நல்லது. நான் காங்கயத்துப் பக்கம். நாச்சிமுத்துன்னு பேரு. டோக்கன் எத்தன? அறுவத்தி மூணா? இப்பத்தானுங்க நாப்பத்தி நாலு ஓடுது. எனக்கு அறுவத்தி ஒண்ணு. எமகண்டம் முடியட்டுமேன்னு லேட்டா எடுத்தேன். எனக்கு அதுல நம்பிக்க ஒண்ணும் கெடையாது, எல்லாம் ஊட்டுக்காரிக்காகத்தான்.

ரிட்டையர் ஆகி மொத தடவையா வர்றீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பயப்படாதீங்க. இந்தத் தாய்லாந்து வீசாச் சட்டம் எனக்குத் தலகீழ்ப் பாடம். இந்த ஹால்ல உக்காந்திருக்கற பாதிப் பேருக்கு நாந்தான் யோசன சொல்லியிருக்கறேன். கேட்டுப்போட்டுக் கவுண்டருக்குப் போயி வேற மாதிரி செய்வானுக, அது அவனுக தலையெழுத்து.

ரெண்டே ரெண்டு விசயமுங்க. ஒண்ணு, தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா, நான் இன்னும் இந்த விலாசத்துலதான் இருக்கறேன்னு எழுதிக் குடுக்கோணும். நம்மூர்ல கண்டிசன் பெயில்ல வந்தவன் ஸ்டேசன்ல கையெழுத்துப் போடறாப்பல. ரெண்டாவது, நாம குடி போற ஊட்டோட ஓனர், இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள, எங்கூட்டுல ஒரு வெளிநாட்டுக்காரன் தங்கியிருக்கறான்னு சொல்லிப்போடோணும். அவ்வளவுதான். இது போக வருசத்துக்கு ஒருக்கா அனுமதிய நீட்டிச்சு வாங்கோணும். மூணு ஆச்சுங்களா? சரி, மூணு.

நான் இங்க நூல் மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தனுங்க. இருவத்திரெண்டு வருசம். ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போயிரலாம்னு நெனச்சேன். எங்கூட்டுக்காரி ராமாத்தாதான் வரலேன்னுட்டா. அவளுக்கு வெளியுலகம் ஒண்ணும் தெரியாதுங்க, வெகுளி. இங்க ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிட்டா. சாயந்திரமானா பார்க்குல ஸ்பீக்கர் வச்சுப் பொம்பளைங்க வரிசையா நின்னு ஆடுவாங்களே பாத்திருக்கறீங்களா, அதுல முன் வரிசையில நிக்கறா. அறுவத்திரெண்டு வயசுல. பேன்ட் போட்டுக்கிட்டு. நான் அந்தப் பக்கம் போறதில்ல, எதுக்குங்க?

ஊர்ல எங்கம்மாவுக்குத் தொண்ணூத்தியொரு வயசு. இன்னும் கண்ணு நல்லாத் தெரியும், வாயும் நல்லா இருக்குது. ராமாத்தா வாசப்படி தாண்டுனா, "எங்க போறவ?"ன்னு கேக்கும். என்ர தங்கச்சிக மூணு பேரும் பக்கத்துத் தெருவுலயே இருக்கறாங்க. அதனாலதான் ராமாத்தா தெளிவாச் சொல்லிப்போட்டா. "அங்க வந்தா எனக்கு இந்த வயசுலயும் மருமவ வேலதான். என்னால ஆகாதுங்க. மிச்சம் இருக்கற காலத்த இங்கதான் இருப்பேன்"னு. அழுவல, கத்தல. வெங்காயம் அரிஞ்சுட்டே சொன்னா.

சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு பாருங்க. அவ வீசா என்ர வீசாவுல தொங்கிட்டு இருந்துச்சு. நாச்சிமுத்துவச் சார்ந்து இருக்கறவன்னு காகிதத்துல போட்டிருப்பாங்க. எனக்கு அனுமதி இல்லேன்னா அவளுக்கும் இல்ல, ரெண்டு பேரும் பொட்டியக் கட்டோணும். அப்ப எனக்கு எத்தன பொறுப்பு பாருங்க. அதனாலதான் சட்டம் பூரா மனப்பாடம் பண்ணுனேன்.

போன வருசம் இதே சமயத்துல நடந்துச்சுங்க. நாங்க ஆறு வருசமாக் குடியிருந்த ஊட்டு ஓனர், மகளுக்குக் கலியாணம், ஆகஸ்ட் கடேசிக்குள்ள காலி பண்ணிக் குடுங்கன்னுட்டார். ராமாத்தா சந்தைக்குப் போறப்ப, காய்க்கடை லம்யைங்கற அக்காவோட ஊடு ஒண்ணு காலியா இருக்குதுன்னு பிடிச்சுட்டு வந்தா. நல்ல ஊடு, காத்தோட்டம். ஒப்பந்தத்துல கையெழுத்தும் அவளே போட்டா. லம்யை அக்காவுக்கு நான் பேசற தாய்லாந்து பாஷை புரியலயாம். எனக்கு மில்லுப் பாஷைதான் தெரியும். பெல்ட் அந்துபோச்சு, எண்ணெய ஊத்து, நாளைக்கு லீவு, இதெல்லாம் அருமையாப் பேசுவேன். ராமாத்தா பேசறது சும்மா சந்தைப் பேச்சு. அதப் போயிப் பாஷைன்னு சொல்லக்கூடாது. இந்த ஊர்ப் பொம்பளைங்க அவ பேச்சக் கேட்டு வயித்தப் பிடிச்சுட்டுச் சிரிப்பாங்க, எதுக்குன்னு தெரியல.

ஊடு அமைஞ்சப்ப ஆனி மாசம் முடியப் போகுது. அடுத்தது ஆடி. ஆடியில ஆராச்சும் குடி போவாங்களா? உங்க மதுரையில போவாங்களா? பாத்தீங்களா! ஆவணிக்குத் தள்ளலாம்னா லம்யை அக்கா ஊட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாளோன்னு ஒரு யோசன. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஆனி இருவத்தாறு நல்ல முகூர்த்தம். அன்னிக்கே பால் காய்ச்சிப்போடறது. சாமி படம், உப்பு, மஞ்சள், நெறகொடம் தண்ணி எல்லாம் கொண்டு போயி வச்சுட்டு, அன்னிக்கு மட்டும் அங்க படுத்து எந்திரிச்சுட்டு, பழைய ஊட்டுக்கே வந்தர்றது. குடி புகுந்த கணக்கும் ஆச்சு, ஆடியில மாறுன தோசமும் இல்ல. ஆவணி பொறந்ததும் கட்டில் பீரோவக் கொண்டு போறது. எப்படி?

நான் மெசின்காரனுங்க, இதெல்லாம் நம்பறவன் இல்ல. ராமாத்தாளுக்காகச் செஞ்சதுதான். அவ ஒண்ணும் கேக்கல. கேக்கற ஆளும் இல்ல. கேக்காட்டியும் நாம புரிஞ்சு நடந்துக்கோணுமில்லீங்களா?

பால் பொங்குச்சு. லம்யை அக்காளும் வந்து கும்பிட்டு, பாயசம் குடிச்சுட்டுப் போனா. போனவ சும்மா இருந்தாளா? சட்டப்படி அடுத்த நாளே, எங்கூட்டுல நாச்சிமுத்துவும் ராமாத்தாளும் குடி வந்துட்டாங்கன்னு பதிவு பண்ணிப்போட்டா. தப்புச் சொல்ல முடியாது. அவ சட்டத்துக்குப் பயந்த பொம்பள.

நாங்க இங்கிட்டுப் பழைய ஊட்டுல இருக்கறோம். நான் தெனமும் வெடியால புது ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயி வெளக்கேத்தி, மணியடிச்சு, சூடம் காட்டிட்டு வந்துருவேன். பால் காய்ச்சுன ஊட்ட இருட்டுல போடக்கூடாதுங்க. அவளுக்கு மனசு சங்கடப்படும்.

ஆடி ஒம்பதாந்தேதி என்ர தொண்ணூறு நாள் வந்துச்சு. இதே ஹாலு. அந்தா மூணாம் நம்பர் கவுண்டர்ல கண்ணாடி போட்டுட்டு ஒரு பொண்ணு இருக்குது பாருங்க, அதுதான். வருணின்னு பேரு. நம்மூர்ப் பொண்ணாட்டமே இருக்குதுங்களா? இங்கிலீசும் நல்லாப் பேசும். நான் நேர்மையானவன், எங்க படுத்து எந்திரிக்கறனோ அந்தப் பழைய விலாசத்தைத்தான் எழுதுனேன். அது கம்ப்யூட்டரப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு.

"நீங்க பதினாலு நாளைக்கு முன்னாடியே வேற ஊட்டுக்குப் போயிட்டீங்களே?"

"போயிட்டேன்."

"அப்ப எதுக்குப் பழைய விலாசம் எழுதறீங்க?"

"அங்கதானுங்க இருக்கறேன்."

"அப்ப புது ஊட்டுக்குப் போகலயா?"

"போயிட்டனே. பால் காய்ச்சியாச்சு."

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வச்சுது. "பால் இருக்கட்டும். நீங்க எப்ப அங்க குடியிருக்கப் போறீங்க?"

"ஆடி முடிஞ்சதும்."

"ஆடிங்கறது ஆரு? அவரும் வெளிநாட்டுக்காரரா? அவரு அந்த ஊட்டுல தங்கியிருக்கறத ஓனர் பதிவு பண்ணிட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. சிரிச்சிருக்கக்கூடாது. அதுக்குக் கோவம். ரெண்டு விலாசத்துல ஒரு ஆள் இருக்க முடியாது, எது உண்மைன்னு எழுத்துல விளக்கம் குடுங்க, உங்க வருசாந்திர அனுமதியும் ஆடி... அதாவது ஆகஸ்ட் பதிமூணோட முடியுது, இது தீராம நீட்டிக்க முடியாதுன்னு சொல்லிருச்சு.

எழுத்துல விளக்கம் கேட்டா நாம விடுவோமா? ஊட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கம் இங்கிலீசுல அடிச்சேன். ஆடின்னா என்ன, அதுல எதுக்கு நல்ல காரியம் பண்றதில்ல, பால் பொங்குற தெச எது, எல்லாத்தையும் வெளக்கமா எழுதுனேன். தினசரிக் காலண்டர் தாள் ரெண்டக் கிழிச்சு ஆதாரமா இணைச்சேன். கடேசியில ஒரு வரி போட்டேன் பாருங்க, வக்கீல் தோத்துப் போகோணும். "ஆகையால் மேற்படி இரண்டு விலாசங்களிலும் நான் குடியிருந்தேன் என்றும், இரண்டிலுமே முழுமையாகக் குடியிருக்கவில்லை என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்." கீழ கையெழுத்து, தேதி.

ராமாத்தா வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு, "இதக் குடுக்காதீங்க. புது ஊட்டுக்கே போயிரலாம். ஊடு மாறிட்டோம்னு ஒத்த வரி எழுதிக் குடுத்தாப் போதும்"னா. அவளுக்கு என்னங்க தெரியும்? குடுத்துட்டேன்.

நாலாம் நாளு விசாரணைக்கு ரெண்டு பேரு வந்துட்டாங்க. மொதல்ல புது ஊட்டுக்குப் போயிருக்கறாங்க. பூட்டு. சன்னல்ல எட்டிப் பாத்தா ஒரு கொடம் தண்ணி, ஒரு சட்டி உப்பு, ஒரு வெளக்கு. ஒரு பாய் கூட இல்ல. பக்கத்து ஊட்டுக்காரரக் கேட்டிருக்கறாங்க. அந்த ஆளு, "ஒரு கெழவர் வெடியால வருவார், நெருப்புப் பத்த வைப்பார், மணியடிப்பார், பூட்டிட்டுப் போயிருவார். ஒரு மாசமா எங்களுக்கும் பயமாத்தான் இருக்குது"ன்னு சொல்லியிருக்கறான். ஒரு மாசம் எங்கீங்க ஆச்சு? இருவது நாளுகூட ஆகல. பொய் சொல்றாங்க பாருங்க.

அப்புறம் பழைய ஊட்டுக்கு வந்து எங்ககிட்ட இதையெல்லாம் விசாரிச்சாங்க. அவங்க போனதும் ராமாத்தா எந்திரிச்சா. ஒரு பாய், ஒரு தலகாணி, குக்கர், நாலு துணி. ஸ்கூட்டர் பின்னால வச்சுக் கவுத்துல கட்டுனா. எங்க போறேன்னேன். புது ஊட்டுக்குன்னா.

"ஆடியில ஊடு மாத்தறது ஆகாது ராமாத்தா. கெடுதல் வரும்."

"வந்தா இந்த நாட்டுல இருந்துட்டே வரட்டுமுங்க. நீங்களும் வாங்க."

"நான் வரல. ஆவணி ஒண்ணுதான்."

"சரி"ன்னு ஹெல்மெட்ட மாட்டிட்டுக் கெளம்பிட்டா. ஒரு சண்டை கூடப் போடல. போட்டிருந்தா நானும் போயிருப்பேன்னு வைங்க.

எங்களுக்குக் கலியாணம் ஆன மொத ஆடியில அவங்கப்பன் வந்து சீர் குடுத்து அவளக் கூட்டிட்டுப் போனாருங்க. ஆடிக்குப் பொண்ணப் பிரிச்சு வைக்கறதுதான, உங்க பக்கமும் உண்டுங்களே. முப்பத்தெட்டாவது ஆடியில அவளே போயிட்டா. ஊர்ல சொன்னாச் சிரிப்பாங்க. நான் மூணு வேளையும் அங்க போயிச் சாப்புட்டுட்டு, படுக்கப் பழைய ஊட்டுக்கு வந்துருவேன். சாப்பாட்டுக்குத் தோசமில்ல. படுக்கறதுதான் கணக்கு.

உண்மையச் சொல்லிப்போடறேன், இத்தன நேரம் பேசியாச்சு. அந்தப் பதினஞ்சு நாளும் எனக்குப் பழைய ஊடு ஊடாவே இல்ல. சாமான் பாதி கட்டியாச்சு, கட்டிலக் கழட்டியாச்சு. நான் வெறுந்தரையில வேட்டிய விரிச்சுட்டுக் கெடந்தேன். அவ இருந்தா எதாச்சும் பேசிட்டே இருப்பாளுங்க, நான் காதுலயே வாங்கறதில்ல. அது இல்லாமப் போனப்பத்தான், அதக் கேட்டுட்டேதான் இத்தன வருசம் தூங்கியிருக்கறேன்னு தெரிஞ்சுது. போயிரலாம்னு பலதடவ நெனச்சேன். ஆனா எழுத்துல குடுத்துட்டனே, ஆவணியிலதான் போவேன்னு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல?

விசாரணைக்காரங்க மறுபடியும் வந்தாங்க. புது ஊட்டுல ராமாத்தாளும், லம்யை அக்காளும், அந்தப் பொய் சொன்ன பக்கத்து ஊட்டுக்காரனோட சம்சாரமும் உக்காந்து முறுக்குச் சுத்திட்டு இருந்திருக்கறாங்க. அவங்களுக்கும் முறுக்கு. சிரிப்புச் சத்தம். போட்டோ எடுத்துட்டு நல்லபடியாப் போயிருக்கறாங்க. அப்புறம் பழைய ஊட்டுக்கு வந்தாங்க. நான் வேட்டியில தரையில படுத்திருக்கறேன், சுத்திலும் அட்டப்பொட்டி. அதையும் போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோவ நான் பாத்தனுங்க. களவாணியப் பிடிச்சு உக்கார வச்சாப்பல இருந்துச்சு.

ஆகஸ்ட் பன்னெண்டு. ஒரு நாள்தான் மிச்சம். ரெண்டு பேரையும் கூப்புட்டு விட்டாங்க. வருணி முன்னால என்ர கடுதாசி இருக்குது, காலண்டர் தாள் இருக்குது, ரெண்டு போட்டோவும் இருக்குது. அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் சொல்லுச்சு.

"அம்மா எங்க இருக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஓனர் சொல்றாங்க, பக்கத்து ஊட்ல சொல்றாங்க, நாங்களே போயிப் பாத்தோம். நீங்க எங்க இருக்கறீங்கன்னு உங்க கடுதாசிய மூணு தடவ படிச்ச பொறகும் தெரியல. உங்க பேர்ல என்னால நீட்டிக்க முடியாது."

என்னால ராமாத்தாளத் திரும்பிப் பாக்க முடியல. அவ ஸ்கூட்டரு, அவ ஆட்டம், சந்தை, அந்த அக்கா, எல்லாத்தையும் நான் ஒரு குண்டாப் பாலுல தொலைச்சுட்டேன். நாளைக்குக் காங்கயத்துல எங்கம்மா, எங்க போறவன்னு கேக்கும். அதுக்கு இவ பதில் சொல்லிட்டு நிக்கோணும். இவ்வளவுக்கும் காரணம் அந்த லம்யை அக்கா அவசரப்பட்டதுதானுங்க. இருந்தாலும் எனக்கு அழுகை வந்துருச்சு.

அப்ப ராமாத்தா கைப்பையில இருந்து ஒரு ஃபைலை எடுத்து வச்சா. நீங்க வச்சிருக்கறீங்களே, அதே மாதிரி பிளாஸ்டிக். அதுல ஊட்டு ஒப்பந்தம், அவ பேர்ல. பேங்க் புஸ்தகம், அவ பேர்ல. அவங்கப்பன் தோட்டத்துல பங்கு வந்ததை ரெண்டு வருசமா இங்க பேங்க்ல போட்டு வச்சிருக்கறா. சட்டம் கேக்கற அளவுக்கு அப்படியே இருக்குது. எனக்குத் தெரியாதுங்க! ஏன் சொல்லலேன்னா, "நீங்க கேக்கல"ங்கறா. அம்பது வயசுக்கு மேல ஆருக்கும் அவங்க பேர்லயே அனுமதி வாங்கலாமாம். அது எனக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல.

வருணி எல்லாத்தையும் திருப்பிப் பாத்துட்டு, நல்லா இருக்குதுங்கம்மான்னு சீல் கட்டைய எடுத்துச்சு. ஒரு அடி, முடிஞ்சுது. ராமாத்தாளுக்கு ஒரு வருசம். அப்புறம் என்னை ஒரு பார்வ பாத்துட்டு அவகிட்டத் தாய்லாந்து பாஷையில கேட்டுச்சு. அது மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

"இவரையும் உங்களச் சார்ந்து இருக்கறவர்னு சேத்துக்கறீங்களா?"

பொசுக்குன்னு ஆமான்னு சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. யோசிச்சா. எத்தன நேரமுங்கறீங்க? அந்தப் பொண்ணு பேனாவ மூடி வச்சுட்டு, எந்திரிச்சுப் போயித் தண்ணி குடிச்சுட்டு, வந்து உக்காந்துச்சு. அதுவரைக்கும் யோசிச்சா. என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. பொண்ணு பாக்கப் போனப்ப நான் அவளப் பாத்தனுங்களே, அந்த மாதிரி. இத்தன பேரு இருக்கற ஹால்ல, "ராமாத்தா, வந்தர்றேன். இன்னைக்கே வந்தர்றேன். ஆடியாவது ஒண்ணாவது"ன்னு சொல்லிப்போட்டேன்.

அதுக்குப் பொறகுதான் சொன்னா. "சரி, சேத்துக்கங்க. ஒரு வருசத்துக்கு மட்டும்."

"அதுக்கு மேல நாங்களும் குடுக்கறதில்லீங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணு சீல் வச்சுது. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க.

அந்த ஒரு வருசம் நாளையோட முடியுதுங்க. அவ கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு அனுமதி. பக்கத்துல நின்னு, இவரு என்னோட இருக்கட்டும்னு வாயாலயும் சொல்லோணும். வருசா வருசம் சொல்லோணும். சட்டம் அப்படி. இன்னைக்குன்னு பாத்து வெடியால, காப்பியில சக்கரை பத்தலேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சேன். அதுக்கு அவ, நீங்க முன்னால போங்க, ஆட்டம் முடிச்சுட்டு வர்றேன்னா. எத்தன நம்பருங்க ஓடுது? அம்பத்தி ஒம்பதா? ஐயோ.

அந்தா, வந்துட்டா. ஹெல்மெட்டக் கழட்டிட்டு வர்றா பாருங்க, அதுதான். நீங்க ஒரு உதவி பண்ணுங்க. நாந்தான் உங்களுக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தேன்னு அவகிட்டச் சொல்லிறாதீங்க, சிரிப்பா. இல்ல, இருங்க. சொல்லுங்க. அவ கிட்ட வந்ததும் மொதல்ல அதைச் சொல்லுங்க. நல்லாச் சிரிக்கறாப்பல சொல்லுங்க.